ஓப்பன்எஸ்எஸ்எல் – ஜிபிஎல் உரிம முரண் தீர்ந்த விதம்

ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் உள்ள எங்கள் மென்பொருளில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தைச் சேர்த்த பிறகு, உரிமங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் உரிமச் சோதனையில் அது நின்றுவிட்டது. முதலில் காப்புரிமையைத் துருவினேன். ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் காப்புரிமை 2000-லேயே முடிந்தது. ஏஇஎஸ் என்ற இன்னொரு முறை கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடியது. சிக்கல் அல்காரிதத்தில் இல்லை, நூலகத்தின் உரிமத்தில்.

ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-இன் பழைய உரிமத்தில் விளம்பரங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அது ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது. 3.0-க்கு மாற்றினேன். அதன் உரிமம் அப்பாச்சி 2.0, ஆனாலும் அதே பிழை. காரணம், எங்கள் கோப்புகள் சிலவற்றின் தலைப்புக் குறிப்பில் ஜிபிஎல் "பதிப்பு 2 அல்லது அதற்குப் பிந்தையது" என்று இல்லை, "பதிப்பு 2 மட்டும்" என்றிருந்தது. அப்பாச்சி 2.0-இல் உள்ள காப்புரிமை ரத்து விதி (காப்புரிமை வழக்குத் தொடுத்தால் காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்பது) ஜிபிஎல் 3-க்குப் பொருந்தும், 2-க்குப் பொருந்தாது. லைசென்ஸ் கோப்பை மட்டும் படித்தால் இது கண்ணில் படாது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கோப்புகளை எழுதியவர்கள் எல்லோரிடமும் உரிமத்தை மாற்ற ஒப்புதல் வாங்க வழியில்லை. எனவே ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகும் எல்ஜிபிஎல் 2.1 உரிமமுள்ள லிப்ஜிகிரிப்ட் என்ற வேறொரு குறியாக்க நூலகத்துக்கு மாறினேன். அப்போதும் நிரல் எந்தெந்த நூலகங்களோடு இணைகிறது என்று காட்டும் எல்டிடி கட்டளை ஓப்பன்எஸ்எஸ்எல்லைக் காட்டியது: இணையத் தரவுப் பரிமாற்ற நூலகமான லிப்கர்ல் வழியாக உள்ளே வந்திருந்தது! டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில், ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்குப் பதிலாக க்னூடிஎல்எஸ் என்ற நூலகத்தைப் பயன்படுத்தும் லிப்கர்ல் வடிவம் தனியாக உண்டு. அதை இணைத்து மறுபடி தொகுத்ததும் சோதனை தேறியது. அப்பாடா!