பழைய வாட்சுக்குப் புது டயல்: முதல்முறை செய்பவர்களுக்கு

பழைய ஒமேகா, டியூடர், ரோலக்ஸ் வைத்திருப்பவர்கள் டயலை மாற்றலாமா என்று யோசிப்பதற்குச் சிங்கப்பூர்க் காற்றே பாதிக் காரணம். ஈரப்பதம் வருடம் முழுக்க எண்பது விழுக்காட்டைச் சுற்றியே நிற்கிறது. ரப்பர் வளையம் காய்ந்துபோன கேஸுக்குள், அதாவது வாட்சின் வெளிக்கூட்டுக்குள், அது புகுந்துவிட்டால், டயலின் வார்னிஷ் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் விழும். அப்புறம் வார்னிஷ் வெடிக்கும், எழுத்து உதிரும். உள்ளே மூவ்மென்ட், அதாவது வாட்சை ஓட்டும் இயந்திரம், நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் போயிருக்கும்.

அப்படிப்பட்ட வாட்சில் புது டயலை வீட்டிலேயே பொருத்தும் முறையை இங்கே சொல்கிறேன். ஒரே நிபந்தனை: பழைய டயலைச் சுரண்டக் கூடாது, வெட்டக் கூடாது, சாயம் பூசக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டும் நிலையில் அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? பழைய வாட்சின் விலையில் பெரும்பங்கு டயலில்தான் இருக்கிறது. ரோலக்ஸ் டேட்டோனா 6239ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சாதாரண டயல் உள்ளதற்கு ஒரு விலை, 'பால் நியூமன்' டயல் என்று அழைக்கப்படுவதற்குப் பல மடங்கு விலை. நடிகர் பால் நியூமனே கட்டியிருந்த 6239, 2017இல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் போனது. வெயிலில் நிறம் மாறிப் பழுப்பான கறுப்பு டயல்களை 'டிராப்பிக்கல்' என்று பெயர் வைத்துக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் உண்டு. உங்கள் கண்ணுக்குக் கெட்டுப்போனதாகத் தெரிவது இன்னொருவருக்குப் பொக்கிஷமாக இருக்கலாம்.

கைவைக்கக் கூடாத வாட்ச்

கேஸைத் திறப்பதற்கு முன்னால் லூப்பில், அதாவது கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியில், டயலைப் பாருங்கள். ஆறு மணிக்குக் கீழே 'ஸ்விஸ்' என்ற சொல்லின் இரு பக்கமும் ஆங்கில டி (T) எழுத்து இருந்தால், ஒளிரும் பூச்சில் டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. 1965இல் செய்த டயலில் இப்போது மூன்று விழுக்காடு அளவுதான் மிச்சம். அதன் கதிர் கண்ணாடியைத் தாண்டி வராது. உதிர்ந்த தூளை மூச்சில் இழுக்காமல், வாயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

1960களின் தொடக்கத்துக்கு முந்தைய வாட்சில், பழுப்பேறிய தடித்த பூச்சோடு, அந்த டி எழுத்தும் இல்லையென்றால் அது இன்னொரு கதிரியக்கப் பொருளான ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு. 'இருட்டில் ஒளிரவில்லையே, செத்துப்போயிருக்கும்' என்று பலர் நினைக்கிறார்கள். செத்தது ஒளி தரும் துத்தநாக சல்ஃபைடு மட்டும்தான், ரேடியம் அப்படியே இருக்கிறது. முள்ளைக் கழற்றும்போது அந்தத் தூள் உதிரும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையில் செய்கிற வேலை இல்லை இது. அப்படிப்பட்ட வாட்சை மூடியபடியே அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்.

எந்த டயல் வாங்குவது

சந்தையில் மூன்று வகை கிடைக்கிறது. முதலாவது, கம்பெனியே பழைய மாடலுக்காகப் பின்னாளில் அடித்துத் தரும் சர்வீஸ் டயல். கிடைத்தால் இதுதான் உத்தமம். ரோலக்ஸ் 1998 வாக்கில் டிரிட்டியத்தை விட்டு, கதிரியக்கம் இல்லாத ஒளிரும் பூச்சான லூமினோவாவுக்கு மாறியது. அதன் பிறகு வந்த சர்வீஸ் டயல்களில் அந்த டி எழுத்து இருக்காது. கம்பெனி சர்வீஸிலேயே மாற்றுவதானால், பழைய டயலைத் திருப்பித் தருவார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பெயரே இல்லாத வெற்று டயல் அல்லது சிறு தயாரிப்பாளர் தன் சொந்தப் பெயரில் விற்பது. நான் சொல்லித்தருவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

மூன்றாவது, கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ அதன் சின்னத்தை அச்சடித்து விற்பது. 'ஒரிஜினல் மாதிரியேதான் பாஸ், வித்தியாசமே தெரியாது' என்பார்கள். வித்தியாசம் தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினையே. சிங்கப்பூரின் வணிகச் சின்னச் சட்டப்படி, போலிச் சின்னம் இட்ட பொருளை விற்றாலோ விற்பதற்காக வைத்திருந்தாலோ ஒரு பொருளுக்கு 10,000 வெள்ளி வரை, மொத்தமாக 100,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஐந்தாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். சொந்த உபயோகத்துக்குத்தானே என்று மாட்டினாலும், பின்னாளில் உங்கள் பிள்ளையோ பேரனோ அதை விற்கும்போது அசல் என்று நம்பி விற்பார்கள். வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து தருவிக்கும்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது: வேலையில் பாதி இதுதான்

டயலுக்குப் பின்னால் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். அவை மூவ்மென்டில் உள்ள இரண்டு துளைகளில் இறங்கும். பக்கவாட்டில் உள்ள திருகு அவற்றைப் பிடித்துக்கொள்ளும். கால்கள் நிற்கும் இடம் மூவ்மென்டுக்கு மூவ்மென்ட் மாறும். ஆகவே 'ஒமேகா டயல்', 'சீமாஸ்டர் டயல்' என்று தேடினால் காசுதான் வீண். மூவ்மென்ட் எண்ணைக் கண்டுபிடித்து, அந்த எண்ணுக்கான டயலைத் தேடுங்கள். ஒமேகாவில் 552, 565 போன்ற மூன்றிலக்க எண் பின்மூடியைத் திறந்தாலே தெரியும். மூவ்மென்ட் தயாரிக்கும் சுவிஸ் கம்பெனியான ஈட்டாவின் (ETA) மூவ்மென்ட்களில், இப்படியும் அப்படியும் ஆடும் பாலன்ஸ் சக்கரத்துக்கு அடியில் இருக்கும்.

அடுத்தது விட்டம். டிஜிட்டல் காலிப்பரில் பழைய டயலை அளக்கும்போது தாடை டயலைத் தொட்டுக் கீறாதபடி நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வையுங்கள். பழைய பட்டியல்களில் 'லீன்யு' என்ற அளவைப் பார்ப்பீர்கள், ஒன்று 2.256 மில்லிமீட்டர். அது மூவ்மென்டின் அளவு, டயலின் அளவு இல்லை. அப்புறம் தேதி ஜன்னல்: கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் திருகு, மூன்று மணியில் இருக்கிற வாட்சுக்கும் நாலு மணியில் இருக்கிற வாட்சுக்கும் ஒரே டயல் பொருந்தாது.

முட்களையும் சேர்த்து மாற்றுவதானால் துளை அளவு முக்கியம். ஈட்டா 2824-2இல் மணி, நிமிட, விநாடி முட்களின் துளை 1.50, 0.90, 0.25 மில்லிமீட்டர். சீக்கோ என்ஹெச்35இல் முதல் இரண்டும் அதே அளவு, விநாடி மட்டும் 0.20. ஈட்டா முட்களைச் சீக்கோவில் மாட்டினால் மணியும் நிமிடமும் கச்சிதமாக உட்காரும். விநாடி முள் மட்டும் கழன்று கண்ணாடிக்குள் உருளும்.

கால் பொருந்தாத டயலை வாங்கிவிட்டால், காலை வெட்டிவிட்டு இருபக்கமும் ஒட்டும் சின்ன வட்டங்களில் நிறுத்தலாம். புது டயலில் மட்டும் இதைச் செய்யுங்கள். அந்த வட்டத்தின் தடிமன் அளவுக்கு டயல் உயரும், முட்களுக்கான இடைவெளி குறையும். எனக்கு இந்த வழி பிடிக்காது. சரியான கால் உள்ள டயலுக்காக இரண்டு மாதம் காத்திருப்பதே மேல்.

கருவிகள்

லூப், நல்ல திருகுளிகள் (0.8, 1.0, 1.2 மில்லிமீட்டர்), பித்தளை அல்லது பிளாஸ்டிக் சாமணம், முள் நெம்பும் இரட்டை நெம்புகோல், முள் அழுத்தும் குச்சி, மூவ்மென்ட் தாங்கி, விரல் உறை, காற்றூதும் ரப்பர் பந்து, தூசி ஒற்றும் பச்சைக் களிம்பான ரோடிகோ. திருகுளியும் சாமணமும் சிம் லிம் டவரில் பார்க்கலாம். வாட்சுக்கே உரியவற்றை இணையத்தில் வாங்குவது எளிது. மலிவான திருகுளியின் முனை உருண்டு திருகின் தலையைக் கெடுக்கும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதல் பயிற்சியை 7எஸ்26 மூவ்மென்ட் உள்ள பழைய சீக்கோ 5 ஒன்றில் செய்து பாருங்கள். பழைய பொருள் விற்கும் கரோசல் இணையத்தளத்தில் மலிவாக அகப்படும். நாலைந்து தடவை முள்ளைக் கழற்றி மாட்டினால் கை பழகிவிடும்.

கழற்றுவது

வாட்சை இரண்டு நாள் கட்டாமல் வைத்து, தானாக நின்றபிறகு எடுங்கள். மேசை மேல் விளிம்புள்ள தட்டு, அதில் வெள்ளைத் தாள். மின்விசிறியைக் கட்டாயம் நிறுத்துங்கள். புழுங்கும்தான், ஏர்கான் போட்டுக்கொள்ளுங்கள். விசிறிக் காற்றில் தூசியும் வரும், விநாடி முள்ளும் பறக்கும்.

கிரவுனை இழுத்து மூன்று முட்களையும் கூடுமானவரை பன்னிரண்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். பின்மூடியைத் திறங்கள். கிரவுன் தண்டுக்குப் பக்கத்தில் அதைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு இருக்கும். அதை ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரைச் சுற்று மட்டும் தளர்த்தித் தண்டை மெதுவாக இழுங்கள். முழுவதும் கழற்றிவிட்டால் அடியில் உள்ள நெம்பி விழுந்துவிடும். அதை மறுபடி நிறுத்துவது தனி வேலை. புதிய மூவ்மென்ட்களில் திருகுக்குப் பதில் அழுத்தும் புள்ளி இருக்கும். பின்பக்கம் திறக்கவே முடியாத ஒற்றைத்துண்டு கேஸ் என்றால், கண்ணாடி வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதை முதல் வாட்சாக எடுக்காதீர்கள்.

கேஸ் திருகுகளைக் கழற்றி மூவ்மென்டை வெளியே எடுத்ததும், தண்டைத் திரும்பச் செருகித் தாங்கியில் வையுங்கள். டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நெம்புகோல்கள் இரண்டையும் முட்களுக்கு அடியில் எதிரெதிராக நுழைத்து ஒரே சமயத்தில் அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் நடுத்தண்டு வளையும். மேலே இன்னொரு தாளைப் பிடித்துக்கொண்டால் முள் துள்ளினாலும் தப்பாது.

பிறகு மூவ்மென்டின் விளிம்பில் உள்ள டயல் திருகுகளைத் தளர்த்துங்கள். டயல் சுலபமாகத் தூக்க வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு திருகு இன்னும் பிடித்திருக்கிறது, நெம்பாதீர்கள். டயல் கால் உடைவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். தூக்கியதும் உடனே பின்பக்கத்தைப் பாருங்கள். மணிச் சக்கரத்தின் மேல் இருக்கும் மெல்லிய வாஷர் சில சமயம் டயலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மறந்துவிட்டால் மணி முள் தளர்ந்து ஆடும்.

பொருத்துவது

புது டயலை முதலில் திருகாமல் இறக்கிப் பாருங்கள். கால்கள் தானாக இறங்க வேண்டும். தேதி எண் ஜன்னலின் நடுவில் நிற்க வேண்டும். கேஸின் உள்விளிம்பு டயல் ஓரத்தைச் சுற்றிலும் மூட வேண்டும். மூன்றும் சரி என்றால் வாஷரை வைத்து, டயலை இறக்கி, திருகுகளை மிதமாக இறுக்குங்கள்.

தேதி உள்ள வாட்சில் முள் இல்லாமலேயே கிரவுனைத் திருப்பிக்கொண்டே இருங்கள். தேதி தாவிய கணத்தில் நிறுத்துங்கள். இப்போது உள்ளே நள்ளிரவு. மணி முள்ளைச் சரியாகப் பன்னிரண்டில் வைத்து அழுத்துங்கள், அடுத்து நிமிட முள்ளையும் அதே இடத்தில். இங்கேதான் பொறுமை வேண்டும். கண்ணை டயலின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். மணி முள் டயலுக்கு இணையாக, ஒட்டாமல் நிற்க வேண்டும். புது டயலில் மணிக்குறிகள் பழையதைவிட உயரமாக இருந்தால் அவற்றில் உரசாமல் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மெதுவாகப் பன்னிரண்டு மணி நேரம் முழுக்கச் சுற்றுங்கள். அதற்குள் நிமிட முள் மணி முள்ளைப் பதினொரு முறை சந்திக்கும், பதினொரு முறையும் இடைவெளி இருக்க வேண்டும்.

விநாடி முள்ளை ரோடிகோவின் நுனியில் ஒட்டி எடுத்து நடுத்தண்டின் மேல் நிறுத்துங்கள். நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று லூப்பில் பார்த்தபிறகே அழுத்துங்கள். அதன் குழாய் நசுங்கினால் புது முள்தான் வாங்க வேண்டும்.

ஒன்று சொல்ல மறந்தேன்: பழைய முட்களில் பழுப்பேறிய டிரிட்டியம், புது டயலில் பச்சையாக ஒளிரும் சூப்பர்-லூமினோவா என்றால் பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். ஒளிரும் பூச்சே இல்லாத டயலைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

மூடுவது

தூசியை ஊதி, கண்ணாடியின் உட்பக்கத்தைத் துடைத்து, தண்டை உருவி, மூவ்மென்டைக் கேஸில் இறக்கித் தண்டையும் திருகுகளையும் திரும்பப் போடுங்கள். பின்மூடியின் ரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாக மாற்றி, லேசாக சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். அதை விட்டால் புது டயலிலும் அதே புள்ளிகள் வரும். நீர்புகாச் சோதனையைக் கடையில் செய்துகொள்ளலாம். தேறினாலும் அதோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள். ஒரு நாள் முழுக்க மேசையில் ஓடவிட்டு, நள்ளிரவில் தேதி மாறுகிறதா, எந்த முள்ளாவது எங்காவது நிற்கிறதா என்று பார்த்தபிறகு கட்டுங்கள்.

பழைய டயலை, கால்கள் வளையாதபடி, மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, அதைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். மூவ்மென்ட் எண், கேஸ் எண், மாற்றிய தேதி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போடுங்கள். எப்போதாவது வாட்சை விற்பதானால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே 'டயல் பிற்காலத்தில் மாற்றப்பட்டது, அசல் டயல் உடன் தரப்படும்' என்று எழுதி, இரண்டு டயலுக்கும் படம் போடுங்கள்.