மலை ரயிலுக்கு முன்னால் ஒழிமுறியை முடித்துவிடுங்கள்

பாலக்காடு எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் நீலகிரி மலை ரயிலையும் சேர்த்துத்தான் திட்டம் போடுவார்கள். போடுங்கள். ஆனால் சொத்துக் கையெழுத்து ஏதாவது பாக்கி இருந்தால், அதற்கு மறுநாள் டிக்கெட் போடவே போடாதீர்கள்.

எங்கள் சித்தப்பா, தென்னந்தோப்பில் என் பங்கை விட்டுக்கொடுத்து ஒழிமுறி, அதாவது விடுதலைப் பத்திரம், எழுதித் தரச் சொன்னார். "அரை மணி நேர வேலைதான், சாயங்காலமே மேட்டுப்பாளையம் போயிடலாம்" என்றார். பழைய பத்திரத்தில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று 'ஒன் அண்ட் சேம்' சர்டிபிகேட் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள் பதிவு அலுவலகத்தில். அதற்கு அட்சயா சென்டரில் (கேரளத்து இ-சேவை மையம்) மனுப் போட வேண்டும். கிராம அலுவலகத்தில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். கரம் (நில வரி) கட்டின ரசீதும் கேட்டார்கள், அது சித்தப்பா வீட்டுப் பீரோவில். எடுத்து வருவதற்குள் அதிகாரி வெளியே போய்விட்டார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, கேரளத்தில் அரசு அலுவலகம் கிடையாது. அப்புறம் ஞாயிறு. கையெழுத்துப் போடாமல் கிளம்பினால், "அம்மாவைப் பார்க்கத்தான் வரல, இதுக்காவது இருக்கக் கூடாதா" என்று சொல்வார்கள். சொன்னார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தேன். ரயில் போய்விட்டது.

ஆகவே, இனிஷியல் சிக்கல் இருக்கிறவர்கள் அந்த சர்டிபிகேட்டுக்கான வேலையை வருவதற்கு முன்பே உறவினர் மூலம் தொடங்கிவிடுங்கள். அல்லது நீங்கள் இருக்கும் ஊர் இந்தியத் தூதரகத்தில் முக்தியார் (பவர் பத்திரம்) எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரை வரி கட்டிவிட வேண்டும்.

சரி, ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். எல்லையோர ஊரிலிருந்து விடியற்காலையில் கோவை வந்து வண்டி மாறிப் பிடிக்கலாம் என்று நம்பாதீர்கள், முந்தின இரவே போய்த் தங்குங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ஓட்டம் அடிக்கடி நிற்கும்.

முக்கியமாக ஒன்று: நீராவி இன்ஜின் குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். எனக்குக் கடைசியில் கிடைத்தது குன்னூரிலிருந்து ஊட்டி டிக்கெட். கேத்திப் பள்ளத்தாக்கு அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1899-ல் ஓடத் தொடங்கிய அந்தக் கீழ்ப்பாதையில்தான், கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை வரும். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கி இன்ஜின் பக்கத்தில் நிற்கலாம். சின்ன வயதில் அப்பா என்னையும் அக்காவையும் அங்கே நிறுத்திக் காட்டினார்.

டிக்கெட் போடும்போது ஊரில் இருப்பவருக்கும் சேர்த்துப் போடுங்கள். கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்ட அக்கா, இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அந்தச் சின்ன வயதுப் பயணத்துக்கு அப்புறம் அந்த ரயிலில் ஏறியதே இல்லை. ஊட்டி வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். முழங்கால் வலி உள்ளவர் என்றால் குன்னூரிலேயே இறங்கிக்கொள்ளலாம், நீராவிப் பயணம் அதற்குள் முடிந்திருக்கும். அங்கிருந்து ஊட்டிக்குப் பஸ் நிறைய உண்டு.