நீல டான்யூப் வால்ட்ஸை ஊன்றிக் கேட்பது எப்படி?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் யோஹான் ஸ்ட்ராஸின் ‘அழகிய நீல டான்யூப்’ வால்ட்ஸை, அதாவது மூன்றடித் தாளத்தில் அமைந்த அந்த நடன இசையை, திரைப்படத்திலோ, விளம்பரத்திலோ, சாவி கொடுத்தால் பாடும் இசைப்பெட்டியிலோ ஒருமுறையேனும் கேட்காதவர்கள் குறைவு. ஆனால் அந்தப் பத்து நிமிடப் படைப்பை முழுமையாகக் கேட்டவர்கள் அவ்வளவு பேர் இல்லை. மெட்டு ஏற்கெனவே தெரியும் என்ற எண்ணத்தில், அதைத் தாங்கி நிற்கும் பக்கவாத்தியத்தை நாம் கவனிக்காமலே கடந்துவிடுகிறோம். வால்ட்ஸின் உயிர் அந்தப் பக்கவாத்தியத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் நல்ல ஒலிப்பதிவைத் தேர்ந்துகொள்ளுங்கள். வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கார்லோஸ் கிளைபர் 1989 புத்தாண்டு இசை நிகழ்ச்சியில் நடத்திய பதிவையே நான் பரிந்துரைப்பேன். புத்தாண்டு நிகழ்ச்சிப் பதிவுகள் சிலவற்றில், வயலின்கள் தொடங்கிய சில நொடிகளிலேயே கைதட்டல் எழுந்து இசை நின்றுபோகும். அதைப் பதிவின் குறை என்று எண்ண வேண்டாம். அந்த இடத்தில் நிறுத்தி, இசைக்குழுவினர் அவையோருக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு மீண்டும் தொடங்குவது அங்கு நிலைபெற்ற வழக்கம்.

கேட்பதற்கு முன் இதன் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. ஆஸ்திரியக் கிராமப்புறங்களில் ஆடப்பட்ட லெண்ட்லர் போன்ற மூன்றடி நடனங்களிலிருந்து வளர்ந்த வால்ட்ஸை, யோசஃப் லானரும் ஸ்ட்ராஸின் தந்தையான மூத்த யோஹான் ஸ்ட்ராஸும் வியன்னாவின் நடன அரங்குகளில் நிலைநிறுத்தினார்கள். மகன் இசைத்தொழிலுக்கு வருவதைத் தந்தை விரும்பவில்லை. ஆயினும் 1844இல், தம் 19ஆம் வயதை எட்டும் நேரத்தில், மகன் தனிக்குழுவோடு மேடையேறினார். 1866இல் ஆஸ்திரியா பிரஷ்யாவிடம் போரில் தோற்றது. அந்தச் சோர்வு நீங்காத நிலையில், 1867 பிப்ரவரி 15 அன்று, வியன்னா ஆடவர் சேர்ந்திசைச் சங்கம் இந்த வால்ட்ஸை முதன்முதலாக அரங்கேற்றியது. ஆம், இன்று இசைக்குழுவின் படைப்பாகவே நாம் அறியும் இது, யோசஃப் வைல் எழுதிய கேலி கலந்த வரிகளோடு, பாட்டாகத்தான் முதலில் ஒலித்தது. உலகப் புகழ் அதே ஆண்டில் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது வந்தது. பிராம்ஸ் போன்ற கண்டிப்பான இசையமைப்பாளரே, ஸ்ட்ராஸ் குடும்பத்துப் பெண் ஒருவரின் விசிறியில் இதன் தொடக்கச் சுரங்களை எழுதி, ‘இது பிராம்ஸ் எழுதியதன்று என்பதே வருத்தம்’ என்ற பொருளில் கையொப்பமிட்டார்.

இப்போது கேட்கத் தொடங்குங்கள். வயலின்களின் வில் மெல்ல நடுங்க, ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி தொலைவிலிருந்து அழைப்பதுபோல் ஒலிக்கும் முன்னுரையைத் தாண்டிச் சென்றுவிடாதீர்கள். பின்னால் வரப்போகும் மெட்டின் கரு அந்த ஹார்னில்தான் முதலில் காட்டப்படுகிறது. அதன்பின் செல்லோக்களும் ஹார்னும், இப்படைப்புக்குள் அடங்கிய சிறு வால்ட்ஸ்களில் முதலாவதை எடுக்கின்றன. நம் சுரக்கணக்கில் சொன்னால் அது ‘ச ச க ப ப’ என்பதுதான். அதற்கு மேல் ஸ்தாயியிலிருந்து இரண்டிரண்டு சுரங்களாகப் பதில் வருகிறது. இதே வடிவம் இரண்டு முறை வந்தபின், மூன்றாம் முறை கீழ் நிஷாதத்திலிருந்து கிளம்புகிறது. ஐந்தாம் முறையில்தான் மேல் ஷட்ஜத்தைத் தொடுகிறது. இவ்வளவு எளிய சுரங்களைக் கொண்டு, நம்மை இவ்வளவு நேரம் காத்திருக்க வைத்து, பிறகு மேலே ஏற்றிவிடும் அந்தப் பொறுமையை நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

முதற்பகுதியை மறுபடி ஓடவிட்டு, இந்த முறை மெட்டை விட்டுவிடுங்கள். மேசைமேல் விரலால் மூன்று மூன்றாகத் தட்டியபடி கேளுங்கள். முதல் அடியைக் கீழே டபுள் பாஸ் போட, இரண்டாவதையும் மூன்றாவதையும் இரண்டாம் வயலின்களும் வியோலாக்களும் போடுகின்றன. திஸ்ர நடைக்குப் பழகிய கை மூன்று அடிகளையும் சமமாகவே போடும். சிறிது நேரத்தில், உங்கள் விரலும் இசைக்குழுவும் ஒன்றாக விழவில்லை என்பது தெரியவரும். வியன்னா மரபில் இரண்டாம் அடி ஒரு நூலிழை முந்தி விழுகிறது. அதன்பின் ஒரு மூச்சளவு இடைவெளி விட்டு மூன்றாம் அடி வருகிறது. இசைத்தாளில் மூன்றும் சமமாகவே எழுதப்பட்டிருக்கும். இந்த முந்தலை வாசிப்பவர்கள் பழக்கத்தால் மட்டுமே அறிவார்கள். எல்லா இடங்களிலும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. வேகம் கூடும்போது குறைந்துவிடும். விரலை இசையின் போக்குக்கு விட்டுக்கொடுத்துப் பாருங்கள். உடல் தானாகச் சற்றுச் சாயத் தொடங்கும்.

மொத்தம் ஐந்து வால்ட்ஸ்கள் தொடராக வருகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவதின் நடுவில் இசை திடீரென்று பி ஃப்ளாட் மேஜர் என்ற வேறொரு ஆதார சுருதிக்கு இறங்கி, சாயங்கால வெளிச்சம் போல மங்குவதைத் தவறவிடாதீர்கள். என்னைப் பொறுத்தவரை இப்படைப்பின் மிக அழகான திருப்பம் அதுவே. மூன்றும் நான்கும் முறையே ஜி மேஜரிலும் எஃப் மேஜரிலும் நடக்க, ஐந்தாவது ஏ மேஜரில் உச்சத்தை எட்டுகிறது.

அதன்பின் வரும் நிறைவுப்பகுதி வெறும் முடிப்பு அன்று. முன்பு கேட்ட மெட்டுகள் சில தலைகாட்டி மறைந்தபின், முதல் மெட்டு மீண்டும் வருகிறது. அது தணிந்து, கருவிகள் ஒவ்வொன்றாக விலகுவதுபோல் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் மேசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். எண்ணுவதற்கு அங்கே அடி ஏதும் இருக்காது. பிறகு தந்திக் கருவிகள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து முடித்துவிடும்.