விழுந்தபின் எழுப்பும் மந்திரத்துக்கு ஒரு பத்தியம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் கூடி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டம். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் தொடங்கிய பழக்கம். கதையை நடத்துவது நான். பகலில் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் பகடை உருண்டால் கை தானாகச் சராசரியைத் தேடும். அந்தக் கணக்குத்தான் ஒரு நாள் என்னைக் காட்டிக்கொடுத்தது.

ஒரு ஓகர் அரக்கனோடு சண்டை. அக்காவின் மகன் ஆடும் போர்வீரன் அந்த ஒரு சண்டையிலேயே ஐந்து தடவை மயங்கி விழுந்தான், ஐந்து தடவையும் எழுந்தான். ஒவ்வொரு முறையும் குழுவில் காயம் ஆற்றும் பாத்திரமான பூசாரி தூரத்தில் நின்றபடி ஒரு சொல்லை உதிர்ப்பாள், இவன் வாளோடு நிற்பான். (குருக்கள் என்று அழைக்கத்தான் முதலில் நினைத்தோம். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பூசாரி ஆக்கிவிட்டோம்.) மேசையில் ஒருவருக்கும் பயமில்லை. நான் முறைத்தேன். அவன் சொன்னான்: "மாமா, விழுந்த பிறகு எழுப்புவதுதான் லாபம். கணக்குப் போட்டுப் பாருங்கள்."

போட்டேன். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, மந்திரத் திறன் 3 உள்ள பூசாரி தொட்டு ஆற்றும் மந்திரத்தில் ஒரு எட்டுமுகப் பகடையை உருட்டி 3 சேர்ப்பாள்: சராசரி 7.5 உயிர்ப்புள்ளி (அது பூச்சியமானால் ஆள் மயங்கி விழுவான்). அறுபது அடி தூரத்திலிருந்து சொல்லும் மந்திரத்துக்கு நான்குமுகப் பகடையும் 3உம்: சராசரி 5.5. ஓகரின் ஓர் அடி சராசரி 13. அடியை மந்திரம் ஒருபோதும் எட்டிப்பிடிக்காது. ஆனால் மூன்று புள்ளியோடு நிற்கிறவன் மேல் அந்த 13 விழுந்தால் மூன்றுதான் கழியும், மிச்சம் பத்தும் காற்றோடு போகும். மிச்சம் அவனுடைய முழு உயிர்ப்புள்ளி அளவுக்கு இருந்தால்தான் உடனே சாவு, அது அரிது. அப்படியென்றால் நிற்கிறவனை ஆற்றுவது நட்டம். விழவிட்டு ஒரு புள்ளி கொடுத்து எழுப்புவதே புத்தி. பையன் சொன்னது சரி. பிழை விதியில் இருந்தது, அவனில் இல்லை.

இதற்கு நான் முதலில் செய்த வைத்தியம் படுமோசமானது. நீங்கள் செய்யாதீர்கள். ஆற்றும் மந்திரங்கள் எல்லாவற்றையும் பாதியாக வெட்டினேன். பூசாரியை ஆடுகிறவள் என்னிடம் படித்த பிள்ளை, இன்றைக்கும் 'சேர்' என்றுதான் அழைப்பாள். இரண்டு சனிக்கிழமை பொறுத்துவிட்டு, "சேர், நான் உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றுகிறேன், அதற்காவது இங்கே மதிப்பிருக்கும்" என்றாள். மற்றவர்களோ, தூங்கினால் உயிர்ப்புள்ளியும் மந்திரமும் திரும்பும் என்பதால், ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் குகைக்கு வெளியே ஓடிவந்து படுத்துத் தூங்கினார்கள். கதை ஓர் அடி நகரவில்லை. எழுபதுகளின் ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்: 1974இல் வந்த முதல் விதிகளில் முதல் நிலைப் பூசாரிக்கு மந்திரமே கிடையாது.

மந்திரத்தின் அளவைக் குறைப்பதில் பயனில்லை என்று அப்போதுதான் விளங்கியது. விலை விழுதலுக்கு இருக்க வேண்டும்.

ஆகவே, எதையும் மாற்றுமுன் இரண்டு ஆட்டங்களுக்கு ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள்: யார் எத்தனை முறை விழுந்தார், ஆற்றப்பட்டபோது எத்தனை புள்ளி மிச்சம் இருந்தது, படுக்கப் போகும்போது பூசாரியிடம் எத்தனை மந்திரம் செலவாகாமல் கிடந்தது. ஆற்றியதில் பெரும்பகுதி பூச்சியத்தில் நடந்திருந்தால் என்னுடைய நோய்தான் உங்களுடையதும். மந்திரம் மிஞ்சிக்கொண்டே இருந்தால் நோய் வேறு: நாளுக்கு ஒரு சண்டைதான் வைக்கிறீர்கள். அதற்கு மருந்து இன்னும் இரண்டு சண்டை, வேறொன்றுமில்லை.

எங்கள் மேசையின் விதி இது. ஒருவர் விழுந்து எழுந்தால் தாளில் ஒரு வடு போடுகிறோம். அடுத்த முறை விழும்போது, எத்தனை வடு உண்டோ அத்தனை தோல்வியோடு அவருடைய சாவுப் பகடை தொடங்கும். சாவுப் பகடை என்பது மயங்கிக் கிடப்பவர் தன் முறை வரும்போதெல்லாம் பிழைப்பாரா என்று உருட்டுவது; மூன்று தோல்வி என்றால் சாவு. எனவே முதல் விழுதல் இலவசம், இரண்டாவதற்கு ஒரு தோல்வி, மூன்றாவதற்கு இரண்டு. நான்காவது முறை விழுந்தால் உருட்ட ஒன்றும் இல்லை. இதே வகை ஆட்டமான 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பில் இதே போக்கில் ஒரு காயக் கணக்கு உண்டு; அதைப் பார்த்துத்தான் நான் துணிந்தேன்.

சிலர் வடுவுக்குப் பதிலாக, விழுந்தவருக்கு ஒரு படி களைப்புக் கொடுப்பார்கள். நானும் செய்து பார்த்தேன். 2024 விதிகளில் ஒரு படி களைப்பு என்றால் இருபதுமுகப் பகடையில் 2 குறையும். ஏற்கெனவே அடிவாங்கியவன் இன்னும் மோசமாக அடிப்பான், சண்டை நீளும், மறுபடி விழுவான். சறுக்கத் தொடங்கினால் நிற்காது. என் விதியில் வாள்வீச்சு குறையாது, அச்சம் மட்டும் கூடும். எனக்கு வேண்டியது அதுதான்.

கசப்பைக் கொடுத்தால் கூடவே பனங்கட்டியும் கொடுக்க வேண்டும். இன்னும் நிற்கிறவரை ஆற்றினால் பகடை உருட்டத் தேவையில்லை, உச்ச எண்ணே கணக்கு. தொட்டு ஆற்றினால் 8உம் 3உம், 11 புள்ளி; ஓகரின் 13க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நீங்கள் 2024 விதிகளில் ஆடினால் இதைச் சேர்க்காதீர்கள். அங்கே இரண்டு எட்டுமுகப் பகடை என்று அவர்களே கூட்டிவிட்டார்கள்.

இனி வடு எப்படி ஆறும்? இங்கே என் அம்மப்பாவைக் கூட்டிவர வேண்டும். அவர் முறிவு தறிவு பார்க்கும் பரியாரி. எண்ணெய் பூசிச் சிம்பு வைத்துக் கட்ட அரை மணித்தியாலம் போதும் அவருக்கு. பிறகு பத்தியம் சொல்லத் தொடங்குவார்: புளி ஆகாது, கத்தரிக்காய் ஆகாது, இத்தனை நாள் கிணற்றடிப் பக்கம் போகக்கூடாது. மருந்தை விடப் பத்தியத்துக்குத்தான் சனம் பயந்தது. அதையே எடுத்துக்கொண்டேன். கூரையும் அடுப்பும் உள்ள இடத்தில் ஓர் இரவு தங்கினால் ஒரு வடு போகும், அதுவும் பூசாரி சொல்லும் பத்தியத்தைக் காத்தால். காட்டில் படுத்தால் உயிர்ப்புள்ளி திரும்பும், வடு ஆறாது. பத்தியம் என்ன என்பதைப் பூசாரியே தீர்மானிப்பாள்: விடியும்வரை இரும்பு தொடாதே, யாரோடும் பேசாதே. இதற்குப் பிறகு அவள் தேத்தண்ணீர் ஊற்றப் போகவில்லை. அதிகாரம் கையில் வந்தால் யார் போவார்கள்?

ஆற்றுவதற்கு விலை வைத்துக் கட்டுப்படுத்தலாம் என்று காசை மட்டும் நம்பாதீர்கள். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பில் சிறுகாயம் ஆற்றும் மந்திரக்கோல் ஒன்று 750 பொன்னுக்குக் கிடைக்கும், ஐம்பது தடவை வேலை செய்யும். தடவைக்குச் சராசரி 5.5 என்றால் மொத்தம் 275 உயிர்ப்புள்ளி. ஒரு புள்ளிக்கு மூன்று பொன்கூட ஆகாது. கொஞ்சம் வளர்ந்த குழுவுக்கு அது சில்லறை. விலை கூடுவது ஒன்று, பொருளே இல்லாதிருப்பது இன்னொன்று. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். செத்தவரை ஒரு நிமிடத்துக்குள் மீட்கும் மந்திரத்துக்கு 300 பொன் பெறுமதியான வைரம் வேண்டும் என்கிறது விதி. நான் வைரத்தின் விலையைக் கூட்டவில்லை. இந்த நாட்டில் மூன்று வைரம்தான் உண்டு, ஒன்று யாரிடம் இருக்கிறது என்று மட்டும் உங்களுக்குத் தெரியும் என்றேன். அடுத்த நான்கு சனிக்கிழமைக்குக் கதை கிடைத்துவிட்டது.

விழுந்து கிடப்பவனை அரக்கன் மேலும் அடிக்கலாமா என்று கேட்பார்கள். விதி அனுமதிக்கிறது, ஒரே அடியில் இரண்டு தோல்விகூட விழும். நான் பெரும்பாலும் செய்வதில்லை. வடு இருக்கும்போது அது வஞ்சகம்.

போன சனிக்கிழமை மருமகனின் போர்வீரன் இரண்டு வடுவோடு, ஆறு புள்ளியோடு நின்றான். "அக்கா, இப்போதே ஆற்றுங்கள்" என்று பூசாரியிடம் கெஞ்சினான். விழுமுன் அவன் மருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. நான் மனதுக்குள் சிரித்து முடிக்குமுன், வனவாசியை ஆடும் மச்சான் விதிப்புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். அவருடைய மந்திரம் ஒன்றில் பத்துப் பழம் வரும், பழத்துக்கு ஒரு புள்ளி. எழுப்ப ஒரு புள்ளி போதும்தானே, மயங்கிக் கிடப்பவன் வாயில் ஒன்றைத் திணித்தால் என்ன?

மயங்கியவனுக்கு வாய்வழி ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று அம்மப்பா சொல்லுவார் என்றேன். மச்சான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.