ஆர்டோர் மென்பொருளுடன் வீட்டில் ஒலிப்பதிவு

ஒற்றைக் குரலைப் பதிந்து வெட்டி ஒட்டுவதற்கு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளே போதும். பாட்டு, வயலின், மிருதங்கம் எனப் பல தடங்களை அடுக்கிக் கலக்க விரும்புவோர் லினக்ஸ் கணினியில் ஆர்டோரை நிறுவிக்கொள்வது நல்லது. ஆயினும் மென்பொருளுக்கு முன் அறையைக் கவனிக்க வேண்டும். வெற்றுச் சுவரும் வழவழப்பான தரையும் எதிரொலியைப் பெருக்கும் என்பதால், மெத்தையும் கனத்த திரைச்சீலையும் உள்ள படுக்கையறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவதே சிறந்தது. எதிரொலி ஏறிய பதிவை மென்பொருளுடன் சேர்க்கும் எந்தத் துணைநிரலாலும் (செருகுநிரல்) முழுமையாகச் சீராக்க இயலாது.

மைக்கைக் கணினியுடன் இணைக்கும் யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கும்போது, தனி டிரைவர் தேவைப்படாத வகைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அத்தகைய கருவியை லினக்ஸ் பெரும்பாலும் இணைத்தவுடனேயே அடையாளம் காணும். கண்டென்சர் மைக்காயின், இன்டர்ஃபேஸில், மைக்குக்குக் கேபிள் வழியே மின்சாரம் தரும் 48 வோல்ட் பேண்டம் பவரை இயக்க வேண்டும்.

ஆர்டோரில் 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் (வினாடிக்கு 48,000 சாம்பிள்கள், அதாவது ஒலி மாதிரிகள்) புதிய செஷனைத் தொடங்கி, கணினி ஒரு தவணையில் கையாளும் ஒலித்தொகுதியான பஃபரை 256 சாம்பிள்களாக வையுங்கள். இந்த அளவில் ஒரு பஃபரின் நீளம் ஏறத்தாழ 5.3 மில்லிவினாடி. பாடுபவருக்குத் தம் குரல் பிந்திக் கேட்டால் 128 ஆகக் குறைக்கலாம். சடசடப்பு எழுந்தால் மீண்டும் உயர்த்த வேண்டும். பதிவு முடிந்து கலவைக்கு வந்தபின் தாமதம் பொருட்டல்ல, ஆகவே 1024 வரை தாராளமாக உயர்த்தலாம்.

மிக உரத்த இடத்திலும் அளவுமானி மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாதவாறு இன்டர்ஃபேஸில் மைக் ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருப்புங்கள். 24 பிட் பதிவில் குறைந்த ஒலியைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். 0 டெசிபெல் என்னும் உச்சம் தாண்டிச் சிதைந்த ஒலி மீளாது.