லேசர் புரொஜெக்டரில் வெள்ளையை வெள்ளையாகக் கொண்டுவருவது எப்படி?

ஊர்க் கோயில் பூங்காவனத்தன்று மதிலில் வெள்ளை வேல் ஒன்றை விழுத்தினேன். தொடக்கத்தில் பால் வெள்ளை. ஒரு மணித்தியாலம் போக, வேல் பச்சை பாய்ந்துவிட்டது. இந்தப் புரொஜெக்டர் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று லேசர் கதிர்களைக் கலந்துதான் வெள்ளையைக் காட்டும். காரணம் சிவப்புதான். 638 நானோமீற்றர் அலைநீளச் சிவப்பு டயோட் (கதிரை உண்டாக்கும் சில்லு) சூடேறினால் ஒளி குறையும்; பச்சையும் நீலமும் அந்தளவுக்கு இறங்காது. அதனால் யாழ்ப்பாணத்து வெக்கையில் நிறம் சரிபார்க்க முன், 20 நிமிடமாவது லேசரை ஓடவிடுங்கள்.

உங்களுடையது வெறும் ஏழு நிறம் மட்டும் காட்டும் ரீ.ரீ.எல் வகையா? அதில் ஒவ்வொரு நிறமும் எரியும் அல்லது அணையும், இடைநிலை இல்லை. அதை மென்பொருளால் சமன் செய்ய முடியாது. ஒளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய அனலொக் வகையென்றால் தொடருங்கள்.

மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். தெறிக்கும் கதிரும் கண்ணைக் கெடுக்கும். அசையாத ஒற்றைக் கதிரை விடாமல், ஒரு பெரிய சதுரத்தை வெள்ளைச் சுவரில் ஓடவிடுங்கள். சுவர் கிறீம் நிறமாக இருந்தால் வெள்ளை பெட்சீற் ஒன்றைக் கட்டுங்கள். மஞ்சள் சாயல் நீலத்தைத் தின்றுவிடும்.

இனித்தான் முக்கியமான வேலை. பலர் நேரே உச்ச அளவைத் திருகப் போவார்கள். முதலில் அடிமட்டத்தைப் பிடியுங்கள். குறிப்பிட்ட மின்னோட்டத்துக்குக் கீழே டயோட் லேசராக ஒளிராது. மென்பொருளின் நிற அமைப்பில் சிவப்பை மட்டும் வைத்து, குறைந்தபட்ச அளவைப் பூச்சியத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். சதுரத்தின் கோடு நூல் போலத் தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பச்சைக்கும் நீலத்துக்கும் அதேதான்.

அடுத்து மூன்றையும் சேர்த்து வெள்ளை. சிவப்பை முழு அளவில் வைத்து, பச்சையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நம் கண் 555 நானோமீற்றர் பக்கம்தான் மிகக் கூர்மை. 520 பச்சை அதற்குக் கிட்ட நிற்கிறது. 638 சிவப்போ அதே சக்தியில் உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்களவுதான் வெளிச்சமாகப் படும். சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாக வந்தபின் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலவுங்கள். நீலம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் சிறிது கூடினாலும் வெள்ளை நீலம் பாயும்.

சரி, இப்போது மொத்த ஒளியைப் பாதியாக்கிப் பாருங்கள், பிறகு கால்வாசி. மங்கும்போது பச்சை தட்டினால் பச்சையின் அடிமட்டம் கூடிவிட்டது, இறக்குங்கள். சிவப்புத் தட்டினால் சிவப்பை இறக்குங்கள். அந்த மாற்றம் உச்ச வெள்ளையையும் லேசாக அசைக்கும், ஆகவே இரண்டு மூன்று தடவை முன்பின் போகவேண்டி வரும்.

எண்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். திருவிழா நடுவில் வெள்ளை மாறினால் எண்களில் கைவைக்க முன், புரொஜெக்டரின் விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.