பிரீமியம் குறைவு என்பதற்காக மட்டும் மருத்துவக் காப்பீடு எடுக்காதீர்கள்

"வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்?" நம் பக்கம் மருத்துவக் காப்பீட்டுப் பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மாதச் சம்பளத்திலும் கடை வருமானத்திலும் குடும்பம் ஓட்டுகிறவர்கள் வேறு எதை முதலில் கேட்பார்கள்? ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் அன்று கையிலிருந்து எவ்வளவு போகும் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் எது மலிவு, எது மலிவு போலத் தெரிகிறது என்பது புரியும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

கையில் இருப்பதைப் பார்க்காமல் புதிதாக வாங்குவது

தமிழ்நாட்டு ரேஷன் அட்டை இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. பிரீமியத்தை அரசே கட்டுகிறது. வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் இருக்கிறது. அதிலும் குடும்பத்துக்கு 5 லட்சம். 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் பாதுகாப்பு தரும் பிரிவை மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பெரிய பிரீமியத்தில் தனியார் பாலிசி எடுக்கும் முன் 14555க்கு ஒரு போன் போட்டுத் தகுதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இஎஸ்ஐக்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். சார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் அதில் சிகிச்சை உண்டு. பணம் பிடிபடுவது தெரிந்தும் குடும்பத்தார் பெயரை அட்டையில் சேர்க்காமலே வருடங்களைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

அரசுத் திட்டங்களுக்கும் எல்லை உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும்தான் செல்லும். இன்னொன்று, கடலூர்க்காரர் தமிழ்நாட்டு அட்டையை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு ஓடுவது பெரும்பாலும் புதுச்சேரிக்குத்தான். உங்கள் அட்டை எல்லை தாண்டி எந்தெந்த மருத்துவமனையில் செல்லும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஜிப்மர் இருக்கே!"

நம் ஊர்ப் பக்கம் மட்டும் கேட்கக்கூடிய வாதம் இது. அதில் நியாயமும் இருக்கிறது. கோரிமேட்டில் அப்படி ஒரு மத்திய அரசு மருத்துவமனை இருப்பது கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் பெரிய கொடுப்பினை. ஏழைகளுக்கு அங்கே கிடைக்கும் சிகிச்சையின் தரத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் அத்தனை மாவட்டத்துக் கூட்டமும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். கூட இருக்க ஒரு ஆள், அவருடைய வேலை இழப்பு, தங்கும் செலவு எல்லாம் உண்டு. காட்டுமன்னார்கோவிலில் ராத்திரி 2 மணிக்கு ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், குடும்பம் முதலில் போவது பக்கத்தில் திறந்திருக்கும் மருத்துவமனைக்குத்தான். அந்தச் செலவை யார் பார்ப்பது? ஜிப்மரை நம்புவது சரி. அதை மட்டுமே நம்பிக் காப்பீடு வேண்டாம் என்று முடிவு செய்வது சரியில்லை.

விபத்துக் காப்பீட்டை மருத்துவக் காப்பீடு என்று நினைப்பது

தபால் அலுவலகத்தில் 399 ரூபாய்க்கு, வங்கியில் வருடம் 20 ரூபாய்க்கு என்று எடுத்துவிட்டு, "எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 20 ரூபாய் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா. விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ மட்டும் பணம் வரும். 399 ரூபாய்த் திட்டமும் விபத்துக்கானதுதான். இரண்டும் விலைக்கு நல்ல திட்டங்கள், வைத்திருங்கள். டெங்குக்கோ, பித்தப்பைக் கல்லுக்கோ, மாரடைப்புக்கோ இவற்றிலிருந்து ஒரு ரூபாயும் வராது. வாங்கும்போது ஒரே கேள்வி போதும்: காய்ச்சலில் அட்மிட் ஆனால் பணம் வருமா?

ரூம் வாடகை பற்றிய வரியைப் படிக்காமல் விடுவது

குறைந்த பிரீமியப் பாலிசிகளில் அதிகம் அடிபடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல பாலிசிகளில் ஒரு நாள் ரூம் வாடகைக்கு வரம்பு இருக்கும். காப்பீட்டுத் தொகை 3 லட்சம், வரம்பு அதில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் அறையில் 4 நாள் தங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் வாடகை 12,000ஐ மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அப்படி இல்லை. தகுதிக்கு இரண்டு மடங்கு வாடகையில் தங்கினால், டாக்டர் கட்டணம், அறுவை அரங்கு, நர்ஸிங் போன்ற செலவுகளிலும் பாதியைத்தான் கம்பெனி ஏற்கும். பில்லைப் பாருங்கள்: வாடகை 24,000, டாக்டர், அறுவை அரங்கு, நர்ஸிங் சேர்த்து 1,20,000, மருந்தும் பரிசோதனையும் 40,000. மொத்தம் 1,84,000. கம்பெனி தருவது வாடகையில் 12,000, அடுத்ததில் 60,000, மருந்து, பரிசோதனைக்கு முழுதாக 40,000. உங்கள் கையிலிருந்து போவது 72,000 ரூபாய். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகியவற்றில் இப்படி விகிதம் போட்டுக் கழிக்கக்கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அவற்றிலும் கழித்திருந்தால் கேள்வி கேட்கலாம்.

ஆகவே ரூம் வரம்பே இல்லாத பாலிசி எடுங்கள், அல்லது உங்கள் வரம்புக்குள் வரும் அறையைக் கேட்டு அட்மிட் ஆகுங்கள். அந்த நேரத்துப் பதற்றத்தில் "நல்ல ரூமாக் குடுங்க" என்று சொல்லும் ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை இருக்கிறது.

கடலூர் விலைக்கு வாங்கிச் சென்னையில் படுப்பது

பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து விலை வைக்கின்றன. பெருநகரத்துக்கு அதிக பிரீமியம், நம்மைப் போன்ற ஊர்களுக்குக் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில பாலிசிகளில், குறைந்த மண்டலத்துக்குப் பணம் கட்டியவர் சென்னையில் சிகிச்சை எடுத்தால் பில்லில் ஒரு பங்கை அவரே ஏற்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். நம் பக்கம் பெரிய இதய அறுவை, புற்றுநோய் சிகிச்சை என்றால் எத்தனை பேர் சென்னைக்கு வண்டி ஏறுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரிய பில் வரும் இடத்தில்தான் இந்த நிபந்தனை வேலை செய்யும். பாலிசி ஆவணத்தில் "மண்டலம்", "கோ-பே" (பில்லில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு) என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள். சென்னை போக வாய்ப்பு உண்டு என்றால் அந்த மண்டலத்துக்கே பணம் கட்டிவிடுவது மேல்.

கேஷ்லெஸ், அதாவது பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மருத்துவமனை இருக்கிறது என்று விளம்பரம் சொல்லும். நமக்கு வேண்டியது கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய மூன்று நான்கு இடங்கள். அங்கே உள்ள காப்பீட்டு மேசையில் போய், "இந்தக் கம்பெனி க்ளெய்ம் எப்படிப் போகிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். தினமும் அந்த பில்களோடு மல்லுக்கட்டுகிற ஊழியர் சொல்வது எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

சுகரை மறைப்பது

எல்லாவற்றிலும் கெட்ட தவறு இது. பல சமயம் ஏஜென்டே சொல்லிக் கொடுக்கிறார்: "சுகர்னு எழுதாதீங்க, பிரீமியம் ஏறும், பாலிசி வராது." நாமும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இரண்டு வருடம் கழித்து அட்மிட் ஆகும்போது டாக்டர் வழக்கம்போல "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்கிறார். நோயாளி உண்மையைச் சொல்கிறார்: "எட்டு வருஷமா." அது கேஸ் ஷீட்டில் ஏறுகிறது. கம்பெனி அதைப் படித்து க்ளெய்மை மறுக்கிறது. பாலிசியையே ரத்து செய்யவும் முடியும். கட்டிய பணம் போச்சு. அப்புறம் வேறு கம்பெனிக்குப் போனால், முன்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பிரீமியம் கொஞ்சம் கூடலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வரும், அதாவது அதுவரை அந்த நோய்க்குப் பணம் வராது. 2024 ஏப்ரல் முதல் அந்தக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுதான். முன்பு 4 ஆண்டாக இருந்தது. இடைவெளி இல்லாமல் 5 ஆண்டு கட்டிவிட்டால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது. மூன்று வருடம் பொறுப்பது, ஒரே நாளில் லட்சங்களை இழப்பதைவிட எவ்வளவோ மேல்.

விண்ணப்பத்தை நீங்களே படித்து நிரப்புங்கள். புகை, மது பற்றிய கேள்விகளுக்கும் உண்மையான பதில்தான். ஏஜென்ட் நிரப்பினால் நகலை வாங்கிப் பாருங்கள். பாலிசி கைக்கு வந்த பிறகு 30 நாள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியலும் பாலிசியில் அப்படியே இருக்கிறதா என்பதையும் அந்த நாட்களில் சரிபாருங்கள்.

நோய் வந்த பிறகு ஓடுவது

பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருடம் காத்திருக்க வேண்டும். தவளக்குப்பம் கண் மருத்துவமனையில் அம்மாவுக்குப் புரை என்று சொன்ன பிறகு பாலிசி எடுத்தால் அந்த அறுவைக்கு உதவாது. முப்பது வயதில் எடுப்பதுதான் உண்மையில் மலிவு. காத்திருப்புக் காலமெல்லாம் உடம்பு நன்றாக இருக்கும்போதே கழிந்துவிடும்.

அப்பா அம்மாவையும் ஒரே பாலிசியில் போடுவது

குடும்ப ஃப்ளோட்டர் பாலிசியில் பிரீமியம் மூத்தவரின் வயதை ஒட்டியே ஏறும். தொகையும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றுதான். அப்பாவின் ஒரு சிகிச்சையில் அது கரைந்துவிட்டால் அந்த வருடம் பிள்ளைகளுக்கு மிச்சம் குறைவு. பெரியவர்களுக்குத் தனியாக எடுங்கள்.

பணம் குறைவாக இருந்தால் 3 அல்லது 5 லட்சத்துக்கு அடிப்படைப் பாலிசி ஒன்றை எடுத்து, அந்த வரம்பைத் தாண்டும் செலவைப் பார்க்கும் கூடுதல் பாலிசியாகச் சூப்பர் டாப்-அப் சேர்ப்பது நல்ல வழி. வெறும் டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. முதலாவதில் ஒவ்வொரு அட்மிஷன் செலவும் தனித்தனியாக வரம்பைத் தாண்ட வேண்டும். இரண்டாவதில் வருடச் செலவு மொத்தமும் கூட்டிப் பார்ப்பார்கள். கேட்டு வாங்குங்கள்.

பாலிசிகளை ஒப்பிடக் குழப்பமாக இருந்தால் ஆரோக்ய சஞ்சீவனியை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 2020இல் வந்த பொதுப் பாலிசி இது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் விதிகள் ஒன்றே, விலை மட்டும் மாறும். ரூம் வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் உங்கள் பங்கு. இதைவிடக் கூடுதல் விலை சொல்கிறவரிடம், கூடுதலாக என்ன தருகிறீர்கள் என்று கேளுங்கள். ஒன்றையும் மறந்துவிடாதீர்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

அலுவலகக் காப்பீடு போதும் என்பதும், புதுப்பிக்கும் தேதியை விடுவதும்

வேலை போனால் அலுவலகக் காப்பீடும் போகும். ஓய்வு பெறும் 58, 60 வயதில் புதிதாக எடுப்பது கடினம். சின்னத் தொகைக்காவது சொந்தப் பாலிசி ஒன்று ஓடிக்கொண்டிருக்கட்டும். வருடாந்தரப் பாலிசியைப் புதுப்பிக்க 30 நாள் சலுகை உண்டு. ஆனால் பணம் கட்டாமல் இருந்த அந்த நாட்களில் வரும் செலவுக்குப் பாதுகாப்பு இல்லை. சலுகையையும் தாண்டிவிட்டால் கழித்த காத்திருப்புக் காலமெல்லாம் வீண். கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நிறுத்தாதீர்கள்; புதுப்பிக்கும் தேதிக்கு ஒன்றரை மாதம் முன்பே வேறு கம்பெனிக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கழித்த காலம் கூடவே வரும்.

மறுத்தால் அப்படியே விட்டுவிடுவது

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் சொல்லிவிட்டது. இழுத்தடித்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். க்ளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்லலாம். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் மனு போக வேண்டும். கடலூர், புதுச்சேரி, காரைக்கால் ஆகியவற்றுக்குச் சென்னை அலுவலகம். மாஹேயில் சொந்தக்காரர் இருந்தால் அவருக்குக் கொச்சி, ஏனாமுக்கு ஹைதராபாத்.